முப்பத்தெட்டாவது படம்

கோயமுத்தூர் கணபதியில் பம்ப்செட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறை ஒன்று ரங்கராஜுக்கு இருந்தது. பட்டறையில் ஓடிய இரண்டு லேத்துகளைவிட, வீட்டு பீரோவில் ஓடாமல் இருந்த பதினொரு கேமராக்கள் மேல்தான் மனிதருக்கு உயிர். எல்லாம் இருபது முப்பது வருடப் பழசு. எல்லாமே எஸ்.எல்.ஆர். வகை. அதாவது, லென்ஸுக்குள் என்ன விழுகிறதோ அதையே கண்ணுக்கும் காட்டுகிற கேமரா. மற்றதெல்லாம் அவரைப் பொறுத்தவரை விளையாட்டுச் சாமான். வால்பாறை எஸ்டேட்டைக் காலி செய்துவிட்டுப் போன மேனேஜரிடம் வாங்கிய பென்டாக்ஸ், பூட்டிய ஸ்டுடியோவில் இரும்போடு இரும்பாகக் கிடந்த பிராக்டிகா, அமுக்கினால் கதவைச் சாத்துகிற மாதிரி சத்தம் போடும் ரஷ்ய ஜெனித். சேலை வைக்க இடமில்லாமல் தவித்த அவர் மனைவி செல்லாத்தாள், "அடுத்த பொறப்புல நான் லென்சாப் பொறக்கோணுமுங்க. அப்பவாச்சும் தொடச்சு மெத்தைல வெப்பீங்க" என்பாள்.

பழுதான ஷட்டரை அவரே கழற்றுவார். கிடைக்காத திருகாணியை லேத்திலேயே கடைந்து மாட்டுவார். அவ்வளவு கைத்திறமை. கைத்திறமை உள்ளவர்களுக்கு வரும் வியாதியும் சேர்ந்தே இருந்தது, தன் கை தப்பே செய்யாது என்கிற நினைப்பு.

அந்த வியாதி எப்படி வெளிப்பட்டது என்றால், முப்பத்தாறு படச் சுருளில் முப்பத்தெட்டுப் படம் எடுப்பார். மற்றவர்கள் பிலிமின் நுனியை எதிர்ப்பக்கத்து உருளையில் நன்றாகச் செருகி, இரண்டு சுற்றுச் சுற்றி, பிடித்துக்கொண்டதா என்று கண்ணால் பார்த்த பிறகுதான் பின்மூடியை அடைப்பார்கள். அந்தச் சுற்றில் இரண்டு படத்துக்கான பிலிம் வீணாகும். ரங்கராஜ் நுனியை உருளையில் லேசாகத் தொட்டுக்கொள்ளும்படி செருகி உடனே மூடிவிடுவார். இரண்டு படம் லாபம். பழைய கேமரா பிரியர்கள் நாலு பேர் கூடினால் இதைச் சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது.

இந்தப் பெருமையை வருடக்கணக்கில் பொறுமையாகக் கேட்டவர் யாகூப். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தார். ரங்கராஜின் கருப்பு வெள்ளைச் சுருள்களை எல்லாம் இருட்டறையில் தன் கையாலேயே கழுவிப் பிரிண்ட் போட்டுத் தருவார். ஆனைமலைப் பக்கம் இருந்த ரங்கராஜின் சொந்தபந்தத்தில் பாதிப் பேர் கல்யாணத்தை எடுத்தவரும் அவர்தான். யாகூப்பிடம் ஒரு பழைய நிக்கான் இருந்தது, நூற்றைந்து எம்.எம். லென்ஸோடு. ரங்கராஜ் போகும்போதெல்லாம் அதைக் கையில் வாங்கிப் பார்ப்பார்.

"பாய், இதைக் குடுக்கறதா இருந்தா எனக்குத்தானுங்க."

"என்ற மூச்சு இருக்கற வரைக்கும் கேக்காதீங்கண்ணா" என்று யாகூப் சிரித்துக்கொண்டே திரும்ப வாங்கி வைப்பார்.

தொண்ணூற்று மூன்று வைகாசியில் ரங்கராஜின் தம்பி சரவணனுக்குக் கல்யாணம் வந்தது. முகூர்த்தத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டில் இணைச்சீர். நம் கொங்குப் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குச் சமமாக அவன் உடன்பிறந்தவளுக்கு மரியாதை செய்கிற சடங்கு அது. கூறைச்சேலையின் ஒரு முனை மாப்பிள்ளை கையில், மறுமுனை தங்கச்சி கையில். அந்த ஒரு நாளைக்கு அவள்தான் ராணி. ரங்கராஜின் கல்யாணத்தின்போது தங்கை சாந்தாமணி சின்னப் பிள்ளை, பெரியப்பா மகள்தான் இணைச்சீருக்கு நின்றாள். சரவணனை விட்டால் சாந்தாமணிக்குக் கல்யாணம் ஆக வேண்டிய அண்ணன் தம்பி வேறு கிடையாது. ஆயுசுக்கு ஒரே தரம். அதற்கென்றே மூன்று மாதம் முன்னால் சேலை எடுத்து வைத்திருந்தாள்.

யாகூப் தானாகவே கேட்டார், "இணைச்சீருக்கும் வந்தறட்டுங்களா?"

"எதுக்குங்க பாய்? நீங்க காலைல மண்டபத்துக்கு வந்தாப் போதும். என்ற தங்கச்சிய நானே எடுத்துக்கறேன்" என்றார் ரங்கராஜ். கலரில் எடுங்கள் என்று வீட்டில் எத்தனையோ பேர் சொன்னார்கள். கலர் வெளுத்துப் போகும், கருப்பு வெள்ளைதான் காலத்துக்கும் நிற்கும் என்று ஒரு பிரசங்கமே செய்து எல்லோர் வாயையும் அடைத்துவிட்டார்.

பென்டாக்ஸில் பிலிமை வழக்கம்போல் நுனி மட்டும் செருகி மூடினார். சடங்கு தொடங்கியது. சாந்தாமணி வெட்கமும் மிடுக்குமாக கேமரா பிடித்த அண்ணனைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். அவர் குனிந்தும் நாற்காலியில் ஏறியும் எடுத்துத் தள்ளினார். முப்பத்தாறு தாண்டியது, முப்பத்தெட்டும் தாண்டியது. அங்கே பிலிம் தீர்ந்து, அதை நகர்த்தும் லீவர் இறுகி நிற்க வேண்டும். நிற்கவில்லை. நாற்பதாவது படத்துக்கும் வெண்ணெய்போல் நகர்ந்தது. ரங்கராஜ் ஒரு மூலைக்குப் போய்ப் பிலிமைத் திரும்பச் சுருட்டும் கைப்பிடியைச் சுழற்றிப் பார்த்தார். இழுவையே இல்லாமல் வெறுமனே சுற்றியது. பிலிம் உருளையிலிருந்து நழுவி, முதல் படத்திலிருந்தே நகராமல் கிடந்திருக்கிறது. லீவரைத் தள்ளத் தள்ள எண் காட்டும் முள் மட்டும் ஓடியிருக்கிறது. அதற்குள் சடங்கு முடிந்து பெண்கள் பந்திக்கு எழுந்துவிட்டார்கள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். "அம்மணி, ஒரு தப்புப் பண்ணிப்போட்டேன், சேலையைப் புடிச்சு இன்னொருக்கா நில்லு" என்றால் சிரித்துக்கொண்டே நின்றிருப்பாள். நாலு பங்காளிகள் கேலி செய்திருப்பார்கள். அவ்வளவுதான். அந்தக் கேலிக்குப் பயந்து மனிதர் வாயைத் திறக்கவில்லை. ஒருவேளை நாலைந்து படமாவது விழுந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, நாலாம் நாள் அந்தச் சுருளை யாகூப்பிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

யாகூப் கழுவிய பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வெளிச்சம் பட்ட நுனி கறுத்திருந்தது, மற்றதெல்லாம் கண்ணாடி மாதிரி இருந்தது. ஓரத்தில் மட்டும் ஒன்று, இரண்டு, மூன்று என்று கம்பெனி அச்சடித்த எண்கள் பளிச்சென்று தெரிந்தன. கழுவியதில் கோளாறென்றால் அந்த எண்களும் வந்திருக்காது. வெளிச்சம் பட்டுக் கெட்டதென்றால் மொத்தமும் கறுத்திருக்கும்.

"பிலிம் ஓடவேயில்லைங்கண்ணா" என்றார் யாகூப், மெதுவாக.

"ம்" என்றார் ரங்கராஜ்.

சொந்த ஊருக்குப் போனால் வாசலிலேயே சாந்தாமணி நின்றாள். "ஏனுங்ண்ணா, படம் வந்துருச்சுங்களா?" அந்த முகத்தைப் பார்த்து அவர் வாயிலிருந்து வந்தது இதுதான்: "கழுவறப்பக் கெட்டுப்போச்சாம் கண்ணு." யார் கெடுத்தது என்று அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

சாந்தாமணி உள்ளே போய் அழுதாள். அவள் புருஷன் நாச்சிமுத்து கொப்பரை வியாபாரி, வாய்க்கு முன்னால் கை பேசுகிற ஆள். "மண்டபத்துப் படமெல்லாம் நல்லா வந்துருக்குதல்ல? இது மட்டும் எப்படிக் கெடும்? இணைச்சீருக்கு அவனைக் கூப்படலைன்னு வேணும்னே கெடுத்துப்போட்டான்" என்று வண்டியை எடுத்தார். ரங்கராஜும் பின்னால் ஏறிக்கொண்டார். சமாதானம் செய்யப் போகிறாராம்.

கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எதிரிலேயே நாச்சிமுத்து யாகூப்பின் சட்டையைப் பிடித்தார். யாகூப் ஒரு தரம் ரங்கராஜைப் பார்த்தார். அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. படம் எடுத்தவனுக்கும் கழுவுகிறவனுக்கும் நடுவில் ஆயிரம் இருக்கலாம், மூன்றாம் ஆள் எதிரில் எடுத்தவனைக் கழுவுகிறவன் விட்டுக்கொடுக்க மாட்டான். ரங்கராஜ் பேசுவார் என்று அவர் காத்திருந்தது தெரிந்தது. ரங்கராஜ் ஷோகேஸில் இருந்த பாஸ்போர்ட் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கைத்தப்பு நடந்துபோச்சுங்க. மன்னிச்சுக்கங்க" என்றார் யாகூப்.

"சரி வாங்க மாப்ள, போலாமுங்க" என்று அப்போதுதான் ரங்கராஜுக்கு வாய் திறந்தது.

அதற்குப் பிறகு அந்தச் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கும் யாகூப்பைக் கூப்பிடவில்லை. சொந்தம் என்றால் பத்து ஊர். பேச்சு பதினோராவது ஊருக்கும் போனது. ரங்கராஜ் என்ன செய்தார்? தேவையே இல்லாமல் மாதம் மூன்று சுருள் எடுத்துக்கொண்டு பொள்ளாச்சிக்குப் போனார். பட்டறையை எடுத்தார், தென்னையை எடுத்தார், சந்தைக்கு வந்த மாடுகளை எடுத்தார். தீபாவளிக்கு முறுக்கு, சீசனுக்கு மாம்பழம். யாகூப் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, பிலிமைச் சுத்தமாகக் கழுவித் தந்தார். ஒரு நாள்கூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவர் திட்டியிருந்தால் ரங்கராஜ் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். இப்போது பிலிமை நாலு சுற்றுச் சுற்றித்தான் மூடினார். அதனால் யாருக்கு என்ன பயன்?

தொண்ணூற்றேழு ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, யாகூப் கணபதிக்கு வந்து வீட்டு வாசலில் நின்றார். தோளில் பை. உள்ளே வந்து, டீப்பாயின் மேல் அந்த நிக்கானையும் லென்ஸையும் எடுத்து வைத்தார்.

"நீங்கதான் கேட்டுட்டே இருந்தீங்க. வேற யாருக்கும் குடுக்க மனசு வல்லைங்கண்ணா. கடையைக் காலி பண்றேன். மச்சினன் திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கறான். செக்கிங்ல சேத்துடறேங்கறான்."

"ஏனுங்க பாய்?"

"ஊட்ல ஒரே பிடியா நிக்கறாங்க. கல்யாண வேலையும் இல்லை. வெறும் பாஸ்போர்ட் படத்தை வெச்சு எத்தனை நாளைக்குங்க?"

பத்து வருடமாக ஆசைப்பட்ட கேமரா கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ரங்கராஜால் அதைத் தொட முடியவில்லை. தான் அன்றைக்குச் சொன்ன ஒரு பொய்தான் இதைத் தன் வீட்டு டீப்பாய்க்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது என்பது அவருக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. 

"இதை எடுத்து உள்ள வைங்க பாய். நான் என்ற தங்கச்சிகிட்டச் சொல்லிப்போடறேன். இன்னைக்கே சொல்றேன்."

"இப்ப எதுக்குங்கண்ணா? முடிஞ்சது முடிஞ்சுபோச்சு."

"எனக்கு முடியலீங்க" என்றார் ரங்கராஜ்.

யாகூப் கேமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார். ரங்கராஜ் அடுத்த பஸ்ஸைப் பிடித்தார். மத்தியானம் சாந்தாமணி வீட்டில் சோற்றுக்கு உட்கார வைத்தார்கள். தட்டில் கை வைக்காமல், நுனியைச் செருகியதிலிருந்து கடையில் நின்றதுவரை ஒன்று விடாமல் சொன்னார். சொல்லி முடித்தபோது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

நாச்சிமுத்துதான் முதலில் பேசினார். "அட, இதுக்குப் போயி ஏனுங்க மச்சான்? நாலு வருசத்துக்கு முந்தின கதை. சாப்புடுங்க." அவ்வளவு சுலபமாக மன்னித்துவிட்டார். சட்டை பிடிபட்டவன் அவர் இல்லையே.

சாந்தாமணி கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். "படம் போனாப் போகுதுண்ணா. என்ற பேரைச் சொல்லி ஒரு மனுசனை அடிக்கப் போயிருக்கறாங்க. நீ கூட நின்னிருக்கற. இந்த நாலு வருசமும் நானும் அந்த மனுசனைச் சபிச்சிருக்கறேன்." அண்ணனை அவள் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. செருப்பை மாட்டினாள். "எந்திரி. அவிய ஊட்டுக்குப் போலாம்."

யாகூப்பின் வீடு கடைக்குப் பின்னால் இரண்டு சந்து தள்ளி. வழியில் ஒரு வேலையை முடித்துக்கொண்டு அவர் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார், தோள் பையைக்கூட இன்னும் இறக்கவில்லை. அவருடைய மனைவி சாஜிதா பேகம் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டாள். சாந்தாமணி உட்காரவில்லை. நின்றபடியே கைகூப்பினாள்.

"ஏனுங்க பாய், எங்கண்ணன் இன்னைக்குத்தான் சொல்லுச்சு. பிலிமை நீங்க கெடுக்கலைங்களாம். எங்கண்ணன்தான் கேமராவுல சரியா மாட்டலையாம். எங்க ஊட்டுக்காரரு பண்ணினதுக்கு நான் மன்னிப்புக் கேக்கறேனுங்க."

யாகூப், "அட, இருக்கட்டும் அம்மணி, உக்காருங்க" என்று பதறினார். ரங்கராஜும் பஸ்ஸில் வரும்போதே அவருக்கென்று நாலு வார்த்தை யோசித்து வைத்திருந்தார். அதைச் சொல்ல வாயைத் திறந்தார்.

ஆனால் சாஜிதா பேகம் அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப உங்க கண்ணு நல்லாத்தான் இருந்துச்சா?" என்றாள்.

யாகூப் தரையைப் பார்த்தார். "சொன்னா நீ அவிய ஊட்டு வாசல்ல போய் நின்னிருப்ப."

"இருட்டுல உங்களுக்குக் கண்ணும் தெரியலை, கையும் ஓடலைன்னு நான்தான சொல்லிச் சொல்லி உங்களை உக்கார வெச்சேன்? கோயமுத்தூருக்கு ரெண்டு தரம் கண்ணாஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனேன். ஒண்ணுமில்லைன்னு டாக்டர் சொன்னதையும் நம்பலை. பெரிய கல்யாணம் ரெண்டு வந்துச்சு. இன்னொருத்தங்க படத்தையும் கெடுத்துப்போடுவீங்கன்னு நான்தான் வேண்டாம்னேன். கடையை மூடச் சொன்னதும் நான்தான்."

அவள் ரங்கராஜின் பக்கம் திரும்பினாள். கோபமாகத் திட்டுவாள் என்று அவர் நினைத்தார். திட்டினால் தேவலை என்றும் நினைத்தார்.

"ஏனுங்கண்ணா, தீபாவளிக்குத் தீபாவளி முறுக்குக் கொண்டாந்தீங்களே. ஒரு தரமாவது என்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே" என்றாள்.

யாகூப்புக்கென்று யோசித்து வைத்திருந்த அந்த நாலு வார்த்தையில் ஒன்றுகூட அவளுக்குப் பொருந்தவில்லை. ரங்கராஜ் நின்றுகொண்டே இருந்தார். அவரை உட்காரும்படி யாரும் சொல்லவில்லை.