பர்னாந்து எழுதிய பெயர்ப் பட்டியல்

ஜெர்மனியில், கொலோன் ரயில் நிலையத்துக்கு எதிரே, போர்த்துக்கீசியர் ஒருவரின் சிறிய காப்பிக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். ஸ்டுட்கார்ட் ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. தூத்துக்குடியில் மனைவிக்கு ஏழாம் மாதம். என் கையில் நாற்பது போர்த்துக்கீசியப் பெயர்கள், இணையத்தில் பொறுக்கி எழுதியவை. முத்துக்குளித்த என் முன்னோருக்குப் போர்த்துக்கீசியர் ஞானஸ்நானத்தோடு கொடுத்துப்போன பெயர் பர்னாந்து. எங்கள் தெருவில் பாதிப் பேர் பர்னாந்துதான். நான் மட்டும் லிஸ்பனில் அரண்மனையை விட்டு வந்தவன்போல, பிள்ளைக்கு அஃபோன்சோ, டுவார்த்தே என்று ஒரு ராஜா பெயரைத் தேடித் திரிகிறேன்.

தமிழ்நாட்டுக்காரன் என்று சொல்லி, பிள்ளைக்கு ஒரு பெயரைத் தேர்ந்து தரும்படி கடைக்காரரிடம் பட்டியலை நீட்டுகிறேன். அவர் படித்துச் சிரித்துவிட்டு மனைவியைக் கூப்பிடுகிறார். நிறைமாத வயிற்றோடு வரும் அந்தப் பெண் யாழ்ப்பாணத்துக்காரர்.

“அண்ணை, இவருக்குப் பிள்ளைக்குத் தமிழ்ப் பெயர்தான் வேணுமாம். நான் சொன்னது ஒண்டும் இவற்ற வாயில வருகுதில்லை. சின்னதா ஒண்டு சொல்லுங்கோ.”

யோசிக்கிறேன். அப்பா சேவியர், மாமா அந்தோணி, தங்கை பிலோமினா. எங்கள் வீட்டில் தமிழ்ப் பெயர் இருப்பது நாய்க்கு மட்டும்தான்.

“மணி” என்கிறேன்.

கடைக்காரர் அதை மூன்று தரம் பிசகாமல் சொல்லிப் பூரித்துப்போகிறார்.

“வடிவான பெயர். உங்கட வீட்டில ஆருக்கு அண்ணை இந்தப் பெயர்?”

பட்டியலை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் திணிக்கிறேன்.

“எங்க வீட்டுக்குக் காவலே அவன்தாம்மா.”