பிரிட்ஜில் இருந்த வளைகாப்பு

எங்கள் வீட்டு பிரிட்ஜின் கதவில், முட்டை வைக்கும் குழிகளுக்கு மேலே, ஒரு சின்னக் கறுப்பு டப்பா இருந்தது. அதற்குள் ஒரு ஃபிலிம் சுருள். அந்தச் சுருளுக்குள் என் அக்காவின் வளைகாப்பு இருந்தது, அல்லது ஒன்றுமே இல்லை. எது என்று தெரியாமல்தான் அவளுடைய ஏழாம் மாதத்திலிருந்து பிரசவம் வரைக்கும் நான் அந்தக் கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

கேமரா வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். காரைக்குடியில் பழைய பொருள்கள் விற்கும் தெருவுக்கு ஒரு லென்ஸ் தேடிப் போயிருந்தேன். எனாமல் தட்டுகளுக்கும் பீங்கான் ஜாடிகளுக்கும் நடுவே, வெடித்துப்போன தோல் உறைக்குள் அது கிடந்தது. ஜப்பான் கேமரா, என்னைவிட வயதில் மூத்தது, கையில் எடுத்தால் அரைச் செங்கல் மாதிரி கனம். போன் டார்ச்சை லென்ஸுக்குப் பின்னாலிருந்து அடித்துப் பார்த்தேன். பழைய லென்ஸ் வாங்குகிறவனின் முதல் பயம் பூஞ்சை. கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரி படர்ந்திருக்கும். இதில் ஓரத்தில் ஒரே ஒரு நூல்தான். ஷட்டரை ஒவ்வொரு வேகத்திலும் தட்டிப் பார்த்தேன். ஒரு நொடி வேகத்தில் ‘க்ர்ர்ர்’ என்று உறுமிவிட்டு மூடிக்கொண்டது. அந்தச் சத்தத்துக்கே விழுந்துவிட்டேன்.

“வேலை செய்யும் தம்பி,” என்றார் கடைக்காரர். “இந்த இடது பக்கக் குமிழ் மட்டும் லூசு. வேற கேமராவோடதக் கொண்டாந்து மாட்டியிருக்காங்க. அமுக்கிச் சுத்துனா புடிக்கும். அதெல்லாம் கண்டுக்காதீங்க.”

நானும் கண்டுகொள்ளவில்லை. படம் எடுத்து முடித்ததும் சுருளைத் திரும்பச் சுற்றி அதன் உலோக டப்பிக்குள் சேர்ப்பது அந்தக் குமிழின் வேலை. அதற்கு இன்னொரு உபயோகமும் உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் ஃபிலிமை நகர்த்த வலது பக்க நெம்பியைத் தள்ளும்போது, உள்ளே ஃபிலிம் உண்மையிலேயே நகர்ந்தால் இந்தக் குமிழும் கூடவே சுழலும். சுழலவில்லை என்றால் ஃபிலிமின் நுனி உள்ளே மாட்டவே இல்லை, நாம் சும்மா ஷட்டரைத் தட்டிக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். என் கேமராவில் மாட்டினாலும் சுழலாது, மாட்டாவிட்டாலும் சுழலாது.

இதற்கும் அக்காவுக்கும் என்ன சம்பந்தம் என்றால், அவள் போன தடவை உண்டானபோது மச்சான் ஸ்கேன் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டார். அடுத்த மாதமே கலைந்துபோயிற்று. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். அக்கா ப்ளஸ் டூவுக்கு உயிரியல் எடுக்கிறவள், அவளுக்கும் தெரியும். தெரிந்தால் மட்டும் போதுமா? இந்தத் தடவை அவள் உண்டான செய்தி எங்களுக்கே ஐந்தாம் மாதத்தில்தான் வந்தது.

“வளைகாப்புல யாரும் போன்ல படம் எடுக்கக் கூடாது,” என்று போனில் கறாராகச் சொன்னாள்.

எனக்கு உடனே மண்டையில் பல்ப் எரிந்தது. “அப்ப நான் ஃபிலிம்ல எடுக்குறேன்க்கா. கழுவுற வரைக்கும் யாராலயும் பாக்க முடியாது. என்னாலயே முடியாது.”

“கழுவாம எவ்வளவு நாள் வச்சிருக்கலாம்?”

“பிரிட்ஜுல வச்சா வருஷக்கணக்கா இருக்கும்.”

“அப்ப புள்ள பொறந்து, நான் சொன்ன பெறகுதான் கழுவணும். சத்தியமா?”

“சத்தியமா.”

திருக்கோகர்ணத்திலிருந்து வல்லத்திராக்கோட்டைக்கு, அக்காவின் மாமியார் வீட்டுக்கு, சீர்வரிசைத் தட்டுகளோடு வேனில் கிளம்பினோம். அதில் உட்கார்ந்துதான் ஃபிலிமை மாட்டினேன். ஒரு தொடையில் கேமரா, மறு தொடையில் அம்மா திணித்த பழத்தட்டு. நுனியைப் பிளவுக்குள் செருகி, நெம்பியை ஒரு தள்ளுத் தள்ளி, ஃபிலிமின் ஓர ஓட்டைகளைச் சக்கரத்தின் பல் பிடித்ததா என்று குனிந்து பார்க்கும்போது வேன் வேகத்தடையில் ஏறி இறங்கியது. “டேய், ஆப்பிளு உருளுது, புடிடா!” என்று அம்மா கத்தினாள். ஆப்பிளைப் பிடித்தேன். பின்மூடியை மூடினேன். பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்: பல் பிடித்ததை நான் பார்த்துவிட்டு மூடினேனா, பார்க்காமல் மூடினேனா? ஆப்பிள்தான் ஞாபகம் வருகிறது.

அங்கே போனதும் ஒரு பெரிய இட்லிக் குண்டானை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போய் போன்களை வாங்கினேன். அக்காவின் கட்டளை, அமலாக்கம் நான்.

“நகையக் கேட்டாக்கூடக் கழட்டிக் குடுத்துருவேன். போனக் கேக்குறியேடா,” என்றாள் சித்தி.

“மூடியப் போட்டு அடுப்புல ஏத்திராத தம்பி,” என்றார் மச்சான். ஸ்டேட்டஸ் விவகாரத்துக்குப் பிறகு இந்த மாதிரி விஷயங்களில் எல்லாரையும்விட முந்திக்கொண்டு போனைக் குண்டானில் போட்டவர் அவர்தான்.

அதற்கப்புறம் ஒரு மணி நேரம் நான் இந்த உலகத்தில் இல்லை. பழைய லென்ஸில் குனிந்து பார்த்து, அதன் வளையத்தைத் திருக, மங்கலாக இருந்த முகம் மெல்லத் தெளிந்து வந்து நிற்கும். அந்த சுகத்தைப் போனில் தேடிப் பயனில்லை. அக்காவின் கன்னத்தில் சந்தனம், ஒவ்வொரு பெண்ணும் அவள் கையில் ஏற்றுகிற பச்சையும் சிவப்புமான கண்ணாடி வளையல்கள், யாரோ காதில் சொன்னதற்கு அவள் வாய்விட்டுச் சிரித்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. எண் காட்டி முப்பத்தாறைத் தொட்டதும் நிறுத்திக்கொண்டேன். இன்னொரு முறை நெம்பியைத் தள்ளினால் ஃபிலிம் கிழிந்துவிடுமோ என்று பயம். தள்ளியிருக்க வேண்டும். உள்ளே ஃபிலிம் மாட்டியிருந்தால் நெம்பி முரண்டு பிடித்திருக்கும், அந்த இடத்திலேயே நிம்மதியாகியிருப்பேன்.

குமிழை அமுக்கிச் சுற்றினேன். வழுக்கென்று சுற்றியது. நீளமான ஒரு சுருள் திரும்பி வருகிற இழுவை கையில் தெரியவே இல்லை. குமிழ் லூசாக இருப்பதால் தெரியவில்லையா, உள்ளே ஒன்றும் இல்லாததால் தெரியவில்லையா? மூடியைத் திறந்தேன். டப்பி, சமர்த்தாக, நுனியை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஓடி முடித்த சுருளும் அப்படித்தான் இருக்கும். ஓடாத சுருளும் அப்படித்தான் இருக்கும்.

“நல்லா வந்துருக்காடா?” என்று சித்தி குண்டானிலிருந்து தன் போனைத் தேடிக்கொண்டே கேட்டாள்.

“சூப்பரா வந்துருக்கு சித்தி,” என்றேன்.

அன்றைக்கே அக்காவை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். சுருளும் கூடவே வந்து பிரிட்ஜில் ஏறியது. கரண்ட் போனால் யாரையும் பிரிட்ஜைத் திறக்க விடமாட்டேன். இன்னொரு ரோல் வாங்கி, கொடும்பாளூர் போய் மூவர் கோயிலை எடுத்தேன். படத்தைவிட, சுற்றும்போது கை எப்படி உணர்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் போனேன். அன்றும் குமிழ் வழுக்கிக்கொண்டுதான் சுற்றியது. ஆனால் நடுநடுவே ஒரு சின்னப் பிடிப்பு இருந்தது போலிருந்தது. வளைகாப்பன்று அந்தப் பிடிப்பு இருந்ததா? யோசிக்க யோசிக்க, இருந்த மாதிரியும் ஆயிற்று, இல்லாத மாதிரியும் ஆயிற்று.

கலர் ஃபிலிமைக் கழுவ சென்னையில் ஒரு லேபுக்கு அனுப்ப வேண்டும். படங்களை அவர்கள் போனுக்கு லிங்க்காக அனுப்புவார்கள். கொடும்பாளூர் ரோலைக் கூரியர் கவரில் போடும்போது வளைகாப்பு ரோலையும் எடுத்து உள்ளே போட்டேன். யாருக்குத் தெரியப்போகிறது? ஒட்டும்போது கை நின்றுவிட்டது. அதை வெளியே எடுத்து மறுபடி பிரிட்ஜில் வைத்தேன். கோயில் படங்கள் அருமையாக வந்தன. கேமராவில் குற்றமில்லை என்று ஆகிவிட்டது. சந்தேகம் முழுக்க அந்த வேனுக்கும், ஆப்பிளுக்கும், எனக்கும் நடுவே வந்து நின்றது.

ஒன்பதாம் மாதத்தில் ஒரு மத்தியானம் அக்கா என்னைப் பிடித்துவிட்டாள். “ஏன்டா பிரிட்ஜ தொறந்து தொறந்து பாக்குற? அதுல என்ன குஞ்சா பொரிக்கப் போவுது?”

சொல்லிவிட்டேன். குமிழ், வேகத்தடை, ஆப்பிள் எல்லாம்.

“அப்ப உள்ள ஒண்ணுமே இல்லாமக்கூட இருக்கலாம்?”

“இருக்கலாம்க்கா.”

“எல்லார் போனையும் புடுங்கிக் குண்டான்ல போட்டியேடா பாவி.” சிரிக்கிற மாதிரிதான் சொன்னாள், ஆனால் கண் என் மேல் இல்லை. கையை உதறிக்கொண்டாள், வளையல்கள் முழங்கைப் பக்கம் ஓடின.

“இப்பவே கழுவிப் பாத்துருவோம்க்கா. இல்லேன்னா வளையல் கையில இருக்கும்போதே இன்னொரு ரோல் எடுத்துருவோம்.”

“வேண்டாம்.”

“இல்லக்கா, எனக்குத் தூக்கமே...”

“எனக்கு மட்டும் வருதா? இந்த வயித்துக்குள்ள எப்புடி இருக்குன்னு எனக்குந்தான் தெரியல. தொறந்தா பாக்குறேன்? சொன்ன நாளு வரட்டும். போய் அங்கிட்டு உக்காரு.”

அதற்கப்புறம் நான் பிரிட்ஜைத் திறந்தால் அவள் தொண்டையைச் செருமுவாள்.

பெண் குழந்தை. சுகப்பிரசவம். போட்டிருந்த வளையல்களை எல்லாம் ஆஸ்பத்திரியில் கழற்றிவிட்டார்கள். கையில் கோடுகூட மிச்சமில்லை. வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூளியில் போட்டபிறகுதான் அக்கா சொன்னாள்: “இப்ப அனுப்பு.”

சென்னையிலிருந்து லிங்க் வந்த அன்று அம்மா வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள், மச்சான் தூளியை ஆட்டிக்கொண்டிருந்தார். என் கட்டைவிரல் திரைக்கு மேலே அப்படியே நின்றது. லேப்காரர் கீழே ஒரு வரிகூட எழுதவில்லை. வெறும் சுருள் என்றால் ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா? வெறும் சுருளுக்கு லிங்க் எதற்கு? வழக்கமாக எல்லாருக்கும் அனுப்புகிற மாதிரி அனுப்பியிருப்பாரோ?

“குடு இங்கிட்டு,” என்று அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டாள். “நான்தான் மொதல்ல.”

அவள் விரல் ஒரு முறை நகர்ந்தது. இன்னொரு முறை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மச்சான் தூளியை ஆட்டுவதை நிறுத்திவிட்டார். நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். அவள் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள், புருவத்தைச் சுருக்கினாள்.

“ஏன்டா,” என்றாள், “இத்தனை படத்துல ஒண்ணுலகூடவா சித்தி கண்ணத் தொறந்து வச்சிருக்கல?”