காப்பிக் கரண்டி

மகளுக்காக இருமல் மருந்தைத் திறந்தேன். அந்தச் செர்ரிப் பழ வாசனை, உழவர்கரையில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சமையலறைக்கு என்னைக் கொண்டுபோனது.

அன்று அங்கிருந்த இருமல் மருந்து பிரான்சிலிருந்து சித்தப்பா அனுப்பியது. ஒரு வேளைக்கு ஒரு காப்பிக் கரண்டி என்று பிரெஞ்சில் அச்சிட்டிருந்தது. கான்வென்ட்டில் கொஞ்சம் பிரெஞ்சு படித்த அம்மா எழுத்துக்கூட்டி வாசித்து, இருமிக்கொண்டிருந்த என் தங்கை பிலோவுக்குக் கொடுத்தாள். மதியம் பிலோவை எழுப்ப முடியவில்லை.

“இன்னாடி குடுத்த?” என்று அப்பா கத்தினார்.

“காப்பிக் கரண்டின்னு போட்டிருக்கு. இதாலதான் குடுத்தேன்.” அம்மா காட்டியது காப்பித்தூள் அள்ளும் பெரிய கரண்டி.

“அடிப்பாவி! அவன் சர்க்கரை கலக்குற சின்ன ஸ்பூனைச் சொல்றான்டி!”

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சாயங்காலம்தான் பிலோ கண் விழித்து, பசிக்கிறது என்றாள்.

பெரிய கரண்டியை அம்மா அன்றே தூக்கியெறிந்தாள். அதன்பின் காப்பித்தூளையும் சின்ன ஸ்பூனால்தான் அள்ளினாள். தண்ணீராக இருந்த காப்பியை அப்பா கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

அளவு மூடியைக் கண்ணுக்கு நேரே பிடித்து, கோடு வரை ஊற்றினேன்.

“கோட்டைத் தாண்டுனா இன்னாப்பா ஆவும்?” என்றாள் மகள்.

“வீட்டுல காப்பி தண்ணியாப் பூடும்,” என்றேன்.