ஈரம் பார்க்கும் விரல்

உப்பு ஏற்றப் போகும் வெறும் லாரி, உப்பளத்துப் பாதையிலுள்ள புதுக்கோட்டை எடைமேடையில் ஏறி நின்றதும், எடை போடும் நேசக்குமார் குனிந்து அதன் அடிவயிற்றை ஆள்காட்டி விரலால் தடவுவார். விரல் ஈரமானால் டிரைவருக்கு அன்றைய பொழுது போயிற்று. டிரம்மில் தண்ணீர் நிரப்பிக் கனம் காட்டி, உப்பளத்தில் அதைக் கொட்டிவிட்டு, அந்த அளவுக்கு உப்பைக் கூடுதலாக அள்ளும் கலை அவரிடம் செல்லாது.

“ரேடியேட்டர் ஒழுகுது, அண்ணாச்சி.”

“ரேடியேட்டரக் கொண்டுபோயி டிரம்முக்குள்ளயாலே வச்சிருக்க? தண்ணிய வச்சி எடையில வெளாடுத வேலையெல்லாம் வேற மேடையில வச்சுக்கோ. இது கர்த்தருக்குப் பயந்த மேடை.”

இப்பேர்ப்பட்ட நீதிமானின் வீட்டில் ஒரு மல்யுத்த வீராங்கனை வளர்கிறாள். மகள் ஜெப்ஸி, பத்தாம் வகுப்பு. நாற்பத்தாறு கிலோப் பிரிவில் இறங்கினால் மாநிலப் போட்டிக்குப் போவது ஏறக்குறைய உறுதி. நாற்பத்தொன்பதில் கோவில்பட்டிக்காரி ஒருத்தி இருக்கிறாள். போன வருஷம் ஜெப்ஸியைத் தூக்கிப் போட்டவள். ஜெப்ஸியின் எடையோ நாற்பத்தேழைத் தாண்டிவிட்டது.

நேசக்குமார் வீட்டின் உணவுத் துறையைத் தாமே ஏற்றுக்கொண்டார். முதலில் சோறு போனது, அடுத்து முட்டை. ஞாயிறு ஆராதனைக்குப் பிந்தைய கறிக்குழம்பு, வாசனை அளவில் மட்டும் அனுமதிக்கப்பட்டது.

பயிற்சி கொடுக்கும் ஜெயஷீலா டீச்சர் வீடு தேடி வந்தார். “வளருத பிள்ளைக்கு எடை கூடத்தான் செய்யும், அண்ணாச்சி. முட்டை, பயறு, மீனு, சோறு எல்லாம் அளவாக் குடுங்க. தண்ணியில மட்டும் கைய வச்சிராதீங்க. அவ நாப்பத்தொம்பதுலயே எறங்கட்டும்.”

“டீச்சர், நான் டன் கணக்குல நிறுக்குதவன். ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோவெல்லாம் எனக்கு ஒரு விஷயமா?”

போட்டிக்கு முந்தின நாள் தண்ணீரும் நின்றது. உச்சி வெயிலில் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு ஜெப்ஸி கயிறு தாண்டினாள். தகப்பனார் வேப்பமர நிழலில் நின்று உற்சாகப்படுத்தினார், கையில் மோருடன்.

மறுநாள் காலை எடை பார்க்கும் வரிசையில் அவள் சுவரோடு சாய்ந்து நின்றாள். டீச்சர் அருகில் வந்து, “தராசுல ஏறதுக்கு முன்னால சொன்னா இப்பகூட நாப்பத்தொம்பதுக்கு மாத்திரலாம்” என்றார்.

“ஒண்ணும் மாத்த வேண்டாம்.” நேசக்குமார் மகளின் காதருகே குனிந்தார். “ஏளா, ஏறி எறங்கிட்டு எம்புட்டு வேணும்னாலும் குடி. பாட்டில் ரெடியா வச்சிருக்கேன்.”

ஜெப்ஸி கண்ணைத் திறக்காமலே கேட்டாள். “நிறுக்கையில ஒரு எடை, சண்டையில ஒரு எடை. லாரிக்காரன் செஞ்சா களவாணித்தனம், நான் செஞ்சா டயட்டாப்பா?”

“ஏளா, சும்மா இரு” என்றார்.

உள்ளேயிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். ஓரடி எடுத்து வைத்தவள் மறுபடியும் சுவரைப் பிடித்தாள்.

நேசக்குமார் கையை நீட்டி, ஆள்காட்டி விரலால் மகளின் உதட்டைத் தடவினார். விரலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்; பொட்டு ஈரம் இல்லை. அப்புறம் பையிலிருந்து பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகினார்.