பள்ளிக்கூட வாசலில் ஒரு மாமா

பேட்டையில் எங்கள் தெருவில் துணி தேய்க்கிறவர், மழை வருகிறதே என்று ஒருநாள் என் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து தன் வண்டியில் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நான் அப்போதுதான் குடையோடு கிளம்பிக்கொண்டிருந்தேன். பிள்ளை நனையாமல் வந்த சந்தோஷத்தில் அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். அவர் போன பிறகுதான், பள்ளிக்கூடத்தில் எப்படி இவரோடு பிள்ளையை அனுப்பினார்கள் என்று உறைத்தது. மறுநாள் முதல் வேலையாக ஒன்றாம் வகுப்பு டீச்சரிடம் சண்டைக்குப் போனேன்.

"யாரு, என்னன்னு கேக்காம எப்படி டீச்சர் அனுப்புனீங்க?"

"கேட்டேன்க்கா. யாரு வந்திருக்கான்னு உங்க பிள்ளைட்டயே கேட்டேன். 'எங்க மாமா'ன்னு சொல்லி ஓடிப்போய் வண்டியில ஏறுதா. நான் என்ன செய்ய?"

வீட்டுக்கு யார் வந்தாலும் "மாமாவுக்கு வணக்கம் சொல்லு" என்று பழக்கியவள் நான்தான். சொல்லாவிட்டால் அதட்டியும் இருக்கிறேன். அங்கேயே மகளின் பள்ளிக்கூட டைரியை வாங்கி என் பெயரையும் அவள் அப்பா பெயரையும் எழுதினேன். வேறு யார் வந்தாலும் எனக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்று எழுதிக் கீழே கோடும் போட்டேன்.

சாயங்காலம் மகளைக் கூப்பிட்டு, "ஏட்டி, உனக்கு யாரெல்லாம் மாமா? சொல்லு பாப்போம்" என்றேன். பால் மாமா, சிலிண்டர் மாமா, தண்ணி கேன் மாமா, தேய்க்கிற மாமா என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே போனாள். இரண்டு கை விரல்களும் தீர்ந்துபோயின.

பெங்களூரில் இருக்கும் என் கூடப்பிறந்த தம்பி அந்தப் பத்துப் பேரில் இல்லை.