ஏழு இரவுக்கு மேல் தங்காதவனின் விலாசம்

வவுணதீவுக்கு வழி கேட்டு நாலைந்து பேர் எழுதியிருந்தீர்கள். இப்போது பட்டணத்திலிருந்து பாலம் தாண்டினால் அரை மணித்தியாலம். யுத்த காலத்தில் எனக்கு ஒரு முழுப் பகல் போயிற்று, அப்படியும் நான் போய்ச் சேரவில்லை. அந்த எரிச்சலையும் சேர்த்து வாசியுங்கள்.

அக்கரையில் என் வட்டையில் நெல் முற்றியிருந்தது. பார்க்கப் புறப்பட்டேன். செட்டிபாளையத்தில் காலை ஆறு மணி பஸ், ஏழு ரூபாய். மூன்று இடத்தில் இறக்கி நடக்க விட்டார்கள். பாலத்தடி இராணுவக் காவல் சென்றிக்கு வந்து சேர ஒன்பதரை.

வரிசையில் எனக்கு முன்னால் பாம்புக் கூடையோடு மாசண்ணா என்றொருவன். ஊரூராய்க் கூடாரம் போடும் பாம்பாட்டிக் கூட்டத்து ஆள். அவர்கள் ஓரிடத்தில் ஏழு இரவுக்கு மேல் தங்க மாட்டார்கள். அவன் பெண்சாதி கூட்டத்தோடு அக்கரைக்குப் போய்விட்டாள். அங்கே அன்றைக்கு ஏழாம் இரவு, விடிந்தால் கூடாரம் நகரும். பாம்பு காட்டப் பின்தங்கிய இவனை மூன்று நாளாய் விடவில்லை.

"விலாசம்?" என்றான் சென்றிக்காரன்.

"போன கிழமை கல்லடி. மறுகா அக்கரை."

"வீடு எங்க?"

"கழுதையில ஏத்தி அனுப்பிட்டன் ஐயா."

நான் சிரித்தேன். சென்றிக்காரன் சிரிக்கவில்லை. "வீடு இல்லாத ஆளுக்குப் பாஸ் இல்ல."

எனக்கு ஆத்திரம். "என்ட வீட்டிலதான் இரிக்கான், எழுதுங்க சேர்!" என்றேன். எழுதினான். பிணைக்கு என் அடையாள அட்டையை வாங்கி வைத்தான். பிறகுதான் சொன்னான்: இக்கரை விலாசக்காரன் நாலு மணிக்குள் திரும்ப வேண்டுமாம்! ஐந்தாம் வகுப்போடு நின்ற என் மூளை வேறென்ன செய்யும்?

மாசண்ணா பாலம் தாண்டிப் போனான். அட்டை இல்லாமல் நான் தாண்ட ஏலாது. தேத்தண்ணிக் கடையில் குந்தியிருந்து அந்தச் சென்றிக்காரனின் ஏழு தலைமுறையையும் மனதுக்குள் திட்டினேன். நாலுக்குப் பத்து நிமிடம் இருக்க, மாசண்ணா பாலத்தில் நடந்து வந்தான்.

"ஏன்டா வந்த? அப்பிடியே போய்த் தொலஞ்சிரிக்கலாமே!"

"உங்கட அட்டை இஞ்ச கிடக்கே ஐயா."

"பெண்சாதி?"

"நல்லா ஏசினாள். நான் வழி பிடிச்சி வர, சந்திக்குச் சந்தி மரத்தடியில மூணு கல்லு வெச்சிட்டுப் போறாளாம்."

மறுநாள் பாதையையே மூடிவிட்டார்கள். மாசண்ணா என் முற்றத்து முருங்கையடியில் படுத்தான், கூரைக்குள் வரமாட்டேன் என்றான். என் மனிசி எனக்கு வைக்காத மீன்தலையை அவனுக்கு வைத்தாள். எட்டாம் நாள் விடிய முருங்கையடி வெறுமை. பாதை அப்போதும் மூடித்தான் கிடந்தது. எந்த வழியால் போனானோ, அவளைக் கண்டானோ, இன்று வரை தெரியாது.

போகிறவர்கள் தண்ணீர் கொண்டு போங்கள், வெயிலுக்கு முன் பாலம் தாண்டுங்கள். இப்போது விலாசம் கேட்க ஒருவனும் நிற்கமாட்டான். ஆனால் அக்கரைச் சந்திகளில் மரத்தடியில் மூன்று கல் சேர்ந்திருந்தால் காலால் தட்டாதீர்கள். வீடு இல்லாத ஆள் என்று சொன்னானே அந்தச் சென்றிக்கார மடையன், அவன் கேட்ட விலாசம் அதுதான்.