ஜப்பான்காரரிடம் நான் கேட்ட குளிர்

அறுபதுகளின் தொடக்கம். சிலோன் மலைநாட்டில், நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்தேன். ஃபேக்டரியில் புது மெஷின் பூட்ட ஜப்பானிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்து இறங்கினார். அவருக்கு இங்கிலீஷ் அரைகுறை. நான் மலாயாவில் வளர்ந்தவன், யுத்த காலத்தில் பள்ளிக்கூடத்தில் ஜப்பான் மொழி படித்தவன் என்று யாரோ பெரிய துரையிடம் ஓதிவிட்டார்கள். தொலைந்தேன்! மொழிபெயர்க்க என்னைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

எனக்கு இஷ்டமே இல்லை. சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் இழுத்துக்கொண்டு போன என் அண்ணன் திரும்பவே இல்லை. அந்த மொழியை வாயில் எடுத்தாலே எரிச்சல்.

மழையும் மூட்டமுமான காலை. சிலோன் என்றால் வெயில்தான் என்று நம்பி வந்தவர், மெல்லிசு சட்டையில் வெடவெடவென்று நடுங்கினார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. உங்களுக்குக் குளிருதா என்று கேட்க நினைத்து, "அனாத்தா வா சுமெத்தாய் தெஸ்கா?" என்றேன்.

மனுஷனுடைய முகம் செத்துவிட்டது. கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். இடுப்புவரை குனிந்தவர் நிமிரவே இல்லை.

"என்னங்க கிளாக்கரய்யா, அந்தாள திட்டிப்புட்டீங்களா?" என்றார் ஃபேக்டரியைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர். துரை கண்ணாலேயே என்னைச் சுட்டார். நான் பதறிப்போய் அதே வார்த்தையை இன்னும் சத்தமாகச் சொன்னேன். அவர் இன்னும் குனிந்தார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

கடைசியில் அவரை ஜன்னலுக்கு இழுத்துப்போய், வெளியே மூட்டத்தைக் காட்டி, பல் கிட்டிக்க நானே நடுங்கிக் காட்டினேன்.

"ஆ... சமுயி!" என்று மூச்சுவிட்டார். அப்புறம் அரைகுறை இங்கிலீஷில் விளக்கினார். காற்றின் குளிர்தான் சமுயி. தண்ணீரையோ இரும்பையோ தொட்டால் சில்லென்றிருப்பது சுமெத்தாய். ஒரு ஆளைப் பார்த்து அதைச் சொன்னால், நெஞ்சில் ஈரமில்லாதவன் என்று அர்த்தமாம். குளிருக்கு எதற்கய்யா ரெண்டு வார்த்தை? அந்த மலாயா வெயிலில் எங்கள் வாத்தியார் சமுயியைச் சொல்லித்தரவே இல்லையே!

சரி, அதற்கு ஏன் அப்படிக் குனிந்தீர்கள் என்று எரிச்சலோடு கேட்டேன். அதற்கு அவர், நீங்கள் மலாயாவிலிருந்து வந்தவர் என்று துரை என்னிடம் சொன்னார். எங்கள் ஆட்கள் அங்கே செய்ததைத்தான் கேட்கிறீர்கள் என்று நினைத்தேன், கேட்க வேண்டியதுதானே என்றார்.

 அவரிடம் அண்ணனைப் பற்றிச் சொன்னேன். அவர் மறுபடியும் குனிந்தார். இந்தத் தடவை நான் தடுக்கவில்லை. நிமிர்ந்ததும் என் கம்பளிக் கோட்டைக் கழற்றி அவர் தோளில் போட்டேன்.

சரியான வார்த்தை வாயில் வந்திருந்தால் அவருக்குக் கோட்டு மட்டும் கிடைத்திருக்கும். என் அண்ணனுக்காக ஒரு மனிதன் தலைகுனிந்ததை நான் பார்த்திருக்கவே மாட்டேன் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.